எம்எம் 540 ஜீப்புக்கு ஏசி: கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான். 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540, அப்பா வாங்கிய வண்டி. மேலே தகரக் கூண்டு போட்டுக் கதவும் வைத்தாயிற்று. பொள்ளாச்சியிலிருந்து மாதம் இரண்டு தடவை வால்பாறை ஏறி இறங்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கிறது. ஜூன், ஜூலை மழையில் முன் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துப்போய் எதிரே வரும் பஸ்ஸே தெரிவதில்லை. ஏசி வைக்கலாமா, கண்ணாடிக்கு என்ன வழி, "இந்த இன்ஜின் ஏசியை இழுக்காது" என்று மெக்கானிக் சொல்வது உண்மையா?

வைக்கலாம். என்னுடைய 540-க்கு நான் இரண்டு தடவை வைத்தேன். முதல் தடவை தப்பாக வைத்தேன், அந்தக் கதையே உங்களுக்கு அதிகம் உதவும். அப்போது குளிர் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். டேஷ்போர்டுக்குக் கீழே கூலிங் காயில் பெட்டி, அதில் வட்டமாக நான்கு துவாரங்கள், நான்கும் முகத்தைப் பார்த்து. மே மாதம் பொள்ளாச்சி ரோட்டில் சொர்க்கமாக இருந்தது. ஜூலையில் ஆழியாறு தாண்டி ஏறத் தொடங்கியதும் வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். பின் சீட்டில் பிள்ளைகள் நடுங்குகிறார்கள் என்று ஏசியை அணைத்தேன், காற்று மட்டும் ஓடட்டும் என்று விட்டேன். இரண்டே நிமிடத்தில் கண்ணாடி பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. மிச்ச வளைவுகளைப் பனியன் துணியால் துடைத்துத் துடைத்துத்தான் ஏறினேன்.

ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏசி ஓடும்போது கூலிங் காயிலில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். அது நாம் மூச்சில் விட்டதும், நனைந்த சட்டையிலிருந்து கிளம்பியதுமான ஈரம். ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, காற்றை ஊதும் ப்ளோயரை மட்டும் ஓட விட்டால், காயிலில் ஒட்டியிருக்கும் அந்தத் தண்ணீர் மறுபடி ஆவியாகி நேரே கண்ணாடிக்குப் போய்ச் சேரும். அதாவது கண்ணாடியை மங்க வைக்கும் இயந்திரம் ஒன்றை நானே காசு கொடுத்து மாட்டியிருந்தேன்.

காற்று சூடாக இருந்தால் ஈரத்தை அதிகம் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 22 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 19 கிராம் ஈரத்தைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. நான்கு பேர் மழையில் நனைந்து ஏறி உட்கார்ந்தால் உள்ளே 22 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் சர்வசாதாரணம். அந்தக் காற்று 19 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அதன்மேல் நீர் கட்டும். வெளியே 16 டிகிரி மழை அடித்துக்கொண்டிருந்தால், கண்ணாடியும் கிட்டத்தட்ட அதே 16 டிகிரியில்தான் இருக்கும். வேறு என்ன ஆகும்?

இப்போது அதே காற்றைக் கூலிங் காயில் வழியாக விட்டு 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஈரம் தண்ணீராக வடிந்துவிடும். அப்புறம் அதையே ஒரு ஹீட்டர் காயில் வழியாக விட்டு 30 டிகிரிக்கு ஏற்றினால், 30 கிராம் தாங்கக்கூடிய காற்றில் 7 கிராம்தான் இருக்கும். அவ்வளவு வறண்ட, வெதுவெதுப்பான காற்று கண்ணாடியில் பட்டால் ஆவி ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து காணாமல் போகும். பார்க்கவே அழகாக இருக்கும். கார்களில் முன் கண்ணாடியின் ஆவியைப் போக்கும் பட்டனை அழுத்தினால் மழைக் குளிரிலும் ஏசி தானாக ஓடுவது இதற்காகத்தான். ஆக நீங்கள் கேட்டது இரண்டு வேலை மாதிரித் தெரிந்தாலும் பெட்டி ஒன்றுதான். கூலிங் காயிலும் ஹீட்டர் காயிலும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் சேர்த்தி யூனிட்டாக வாங்குங்கள். வெறும் ஏசி யூனிட்டை யாராவது விலை குறைவு என்று தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன ஹீட்டர் ஒன்று விற்கிறார்கள், 150 வாட் போட்டிருப்பார்கள். இன்ஜின் தண்ணீரில் ஓடும் ஹீட்டர் காயில் சும்மாவே 3, 4 கிலோவாட் தரும். அந்தச் சின்னது உள்ளங்கையைக் காயவைக்க உதவும், கண்ணாடிக்கு ஆகாது.

சரி, இன்ஜின் இழுக்குமா? உங்கள் வண்டியில் இருப்பது பெஜோவின் எக்ஸ்டிபி 4.90 டீசல். பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். 2112 சிசி, சுமார் 60 குதிரைத்திறன். இதே குடும்பத்து டீசல்தான் பெஜோ 504 காரிலும் ஓடியது, அதனால் இந்த இன்ஜினுக்கு ஏதோ ஆகாத வேலையைச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஜீப்புக்கான ஏசி கம்ப்ரசர் 2 முதல் 3.5 குதிரைத்திறன் வரை கேட்கும். சமவெளியில் நாலாவது கியரில் போகும்போது இது உறைக்கவே உறைக்காது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஆர்பிஎம் 1500-க்குக் கீழே விழும்போது நிச்சயம் உறைக்கும். உங்கள் மெக்கானிக் சொல்வது அந்த இடத்துக்குச் சரி, மற்ற இடத்துக்குத் தப்பு.

அதற்கு மலிவான வழி இருக்கிறது. ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச். முழுசாக மிதித்தால் கம்ப்ரசர் கிளட்ச் கட்டாகும், காலைத் தூக்கினால் மறுபடி பிடிக்கும். வளைவைத் தாண்டும் பத்துப் பதினைந்து விநாடிக்குக் குளிர் குறைந்தது யாருக்கும் தெரியாது. கம்ப்ரசரையும் அளவோடு எடுங்கள். சாண்டன் 508 என்று எல்லாக் கடையிலும் காட்டுவார்கள், அது ஒரு சுற்றுக்கு 138 சிசி. அதற்குத் தம்பி 507, 108 சிசி. கூண்டு நன்றாக அடைத்திருந்தால் ஜீப்புக்குச் சின்னதே போதும் என்பது என் கட்சி. 508 போட்டால் வெயிலில் சீக்கிரம் குளிரும், மேட்டில் அதிகம் உறைக்கும். நீங்கள் மலைக்கு ஓட்டுகிறவர், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேட்டரியில் ஓடும் மின்சார ஏசி வைத்தால் இன்ஜினுக்குச் சுமையே இல்லையே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2 கிலோவாட் குளிருக்கு ஒரு கிலோவாட் மின்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும் 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் வேண்டும். அதை ஆல்டர்னேட்டர்தான் தர வேண்டும், ஆல்டர்னேட்டரை இன்ஜின்தான் சுற்ற வேண்டும். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைதான்.

இழுவையைவிட எனக்குப் பயம் சூட்டில்தான். ஏசி உள்ளேயிருந்து எடுக்கும் சூடு முழுவதும் கண்டன்சர் வழியாக வெளியே போகிறது, கண்டன்சர் இருப்பதோ ரேடியேட்டருக்கு நேர் முன்னால். அதாவது ரேடியேட்டர் இனிமேல் குளிர்ந்த காற்றைப் பார்க்கவே பார்க்காது. ஏசி இல்லாமலே மலையில் டெம்பரேச்சர் முள் ஏறுகிற வண்டி என்றால், ஏசி பற்றிய பேச்சையே இப்போது எடுக்காதீர்கள். முதலில் ரேடியேட்டர் கடைக்குப் போங்கள். கோர் அடைத்திருந்தால் புதுக் கோர், முடிந்தால் ஒரு வரிசை கூடுதலாக. ஃபேனைச் சுற்றித் தகரக் கவசம் இருக்கிறதா பாருங்கள். பழைய ஜீப்புகளில் எந்தக் காலத்திலோ யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். கவசம் இல்லாத ஃபேன் ரேடியேட்டரின் நடுவில் ஒரு வட்டத்தை மட்டும்தான் இழுக்கும், நான்கு மூலையும் சும்மா கிடக்கும்.

இன்னொன்றும் கழற்றிப் போட்டிருப்பார்கள்: தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வு. வண்டி சூடாகிறது என்றதும் நம் ஊரில் முதல் வைத்தியம் அதைப் பிடுங்கி எறிவதுதான். அது இல்லாமல் மலை மழையில் இறக்கத்தில் ஓடினால் இன்ஜின் தண்ணீர் 50, 60 டிகிரியைத் தாண்டாது. அந்தத் தண்ணீரில் ஹீட்டர் எப்படி வேலை செய்யும்? வெதுவெதுவென்று ஒரு காற்று வரும், அவ்வளவுதான். இன்ஜினுக்கும் அது நல்லதில்லை, டீசல் அதிகம் குடிக்கும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கிப் போடுங்கள். போடுவதற்கு முன் வீட்டு அடுப்பில் பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். போட்டபின் வண்டி சூடானால் குற்றம் தெர்மோஸ்டாட்டில் இல்லை, ரேடியேட்டரில்.

கண்டன்சரில் பழைய குழாய் மாடல் வேண்டாம், பேரலல் ஃப்ளோ என்று கேட்டு வாங்குங்கள். அதே அளவு இடத்தில் அதிகச் சூட்டை இறக்கும். ரேடியேட்டருக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல்கடை போதும். பக்கவாட்டு இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியைப் பார்த்து ஓரமாக நழுவிப் போய்விடும். முன்னால் ஒரு மின்விசிறி அவசியம். மலையில் வண்டியின் வேகமோ 15, 20 கிலோமீட்டர், பின்காற்று வேறு அடித்தால் கிரில் வழியாக எதுவும் உள்ளே வராது. விசிறியை மாட்டியதும் கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்தால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், விசிறி இன்ஜின் ஃபேனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

இனி பிராக்கெட், அதாவது கம்ப்ரசரை இன்ஜினோடு பிடித்து நிறுத்தும் தாங்கி. ஏசி வேலையில் பணம் போகிற இடம் வேறு, உயிர் இருக்கிற இடம் இது. கம்ப்ரசர் ஆறேழு கிலோ எடை. பெட்ரோல் இன்ஜின் மாதிரி இல்லை இந்த டீசல்; நின்ற இடத்திலேயே உடம்பை உதறும். என் முதல் பிராக்கெட்டை 6 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பட்டறையில் வளைத்து வெல்டு வைத்துக் கொடுத்தார்கள். பார்க்க நேர்த்தியாக இருந்தது. மூன்றாவது மாதம் பானெட்டுக்குள் கிரீச் கிரீச் என்று சத்தம். பெல்ட் என்று நினைத்து இறுக்கினேன். இறுக்கியதும் சத்தம் நின்றது, நாலு நாளில் திரும்ப வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெல்டு ஓரமாக முடி மாதிரி ஒரு கோடு, அதில் துருப்பொடி. விரலால் கம்ப்ரசரை அசைத்தால் கோடு வாயைத் திறந்து மூடுகிறது. வழியில் முறிந்திருந்தால் கம்ப்ரசர் ஃபேனில் விழுந்து, ஃபேன் ரேடியேட்டரில் பாய்ந்திருக்கும்.

இரண்டாவது பிராக்கெட் 12 மில்லிமீட்டர் தகடு. இன்ஜின் பிளாக்கில் மூன்று இடத்தில் போல்ட், பின்பக்கம் ஒரு முக்கோணத் தாங்கல். எட்டு வருடமாக அப்படியே இருக்கிறது. கம்ப்ரசரை இன்ஜினோடு மட்டுமே பிடிக்க வேண்டும், சேசிஸோடு ஒரு ஸ்டே (தாங்கு கம்பி) கொடுத்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மேல் ஆடும், சேசிஸ் ஆடாது. நடுவில் மாட்டுவது முறியும். ஆல்டர்னேட்டர் காதிலேயே தொங்கவிடுவதும் வேண்டாம். கம்ப்ரசரின் பைப் வாய்கள் கீழ்நோக்கி இருக்கக் கூடாது, எண்ணெய் அங்கே போய்த் தேங்கும்.

பெல்ட் நேர்கோடு கண்ணளவில் பார்க்கிற விஷயம் இல்லை. இன்ஜின் முன்னால் பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லியின் முகத்தில் ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து கம்ப்ரசர் புல்லிவரை ஓட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் வாஷர் போட்டுச் சரிசெய்ய வேண்டும். கிராங்க் புல்லியில் ஏசிக்கென்று தனிப் பள்ளம் வேண்டும். இல்லாவிட்டால் லேத்தில் ஒரு புல்லி கடைந்து முன்னால் போல்ட் போடுவார்கள். அப்படிச் செய்தால் அது நடுவில் உட்கார ஒரு தோள் கடைந்திருக்கிறதா என்று பாருங்கள், வெறும் போல்ட் ஓட்டையை நம்பி உட்கார்ந்தால் கோணலாகச் சுற்றி கிராங்க் முன் சீலைத் தின்றுவிடும்.

டேஷ்போர்டுக்கு வருவோம், அதாவது கண்ணாடிக்கு. 540-இன் டேஷ்போர்டு தட்டையான தகரம், பின்னால் இடம் குறைவு. சேர்த்தி யூனிட் இடப்பக்கம் கீழேதான் உட்காரும், பக்கத்தில் உட்காருகிறவருக்கு முட்டி கொஞ்சம் இடிக்கும். அது போகட்டும். யூனிட்டிலிருந்து இரண்டு அங்குல நெகிழ் குழாய் இரண்டை மேலே கொண்டுபோய், டேஷ்போர்டு மேல்முகத்தில் நீளவாக்கில் வெட்டிய இரண்டு பிளவுகளுக்குக் கொடுங்கள். டிரைவர் பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. பிளவு ஒரு சாண் நீளம், 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம். குழாயையும் பிளவையும் இணைக்க மீன்வால் மாதிரி விரியும் ஒரு வாய் வேண்டும், டிங்கர் தகரத்தில் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். பிளவு கண்ணாடியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். தள்ளிப் போனால் காற்று கண்ணாடியைத் தொடாமலே மேலே போய்விடும்.

முன் கண்ணாடியை மடிக்கிற வழக்கம் இருந்தால் எந்தக் குழாயையும் கண்ணாடிச் சட்டத்தில் கட்டாதீர்கள், எல்லாம் டேஷ்போர்டிலேயே நிற்கட்டும். கண்ணாடிக்கும் முகத்துக்கும் காற்றை மாற்ற ஒரு தடுப்புப் பலகை, கேபிளோடு. இது இல்லாமல் இரண்டுக்கும் எப்போதும் காற்றைப் பிரித்து விட்டால் இரண்டுமே அரைகுறையாக இருக்கும்.

டேஷ்போர்டு தகரத்தை வெட்ட மனசு வரவில்லை என்றால் புரிகிறது, அப்பா வண்டி. என் நண்பர் ஒருவர் வெட்டவே இல்லை. கண்ணாடியின் அடிச்சட்டத்தை ஒட்டி டேஷ்போர்டு மேல் தேக்குப் பட்டை ஒன்று வைத்து, அதற்குள் குழாயை ஓட்டி, பட்டையில் பிளவு போட்டார். நாளைக்கு வேண்டாமென்றால் நாலு ஸ்க்ரூ கழற்றினால் வண்டி பழையபடி.

ஹீட்டருக்குத் தண்ணீர் எடுப்பது எங்கே? சிலிண்டர் ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் கூட்டிலோ பிளக் போட்டு அடைத்த ஒரு வாய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே எடுத்து, வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டுத் திருப்பி விடுங்கள். தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், சூடான பக்கம் எடுக்க வேண்டும் என்பது முக்கியம். போகிற வழியில் ஒரு வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் மே மாதத்திலும் கொதிதண்ணீர் ஹீட்டர் காயிலில் ஓடிக்கொண்டிருக்கும், ஏசி அதோடு மல்லுக்கட்டும். ஜீப்பில் ஹீட்டர் காயில் சில சமயம் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் உட்கார்ந்துவிடும், அப்போது காற்று அடைத்துக்கொள்ளும். மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து, வால்வையும் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டால் குமிழி விட்டு வெளியே வரும்.

கூலிங் காயில் தண்ணீர் வடிய ஒரு குழாய் தரைத் தகடு வழியாகக் கீழே போகும். துளை போட்ட விளிம்புக்கு உடனே பெயின்ட் அடியுங்கள். ஜீப்பின் தரை துருப்பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. குழாய் நுனி சைலன்சருக்கு மேலே வேண்டாம்.

ஏசியின் ஹோஸ், அதில் ஓடும் குளிர்விக்கும் கேஸ் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிய வேண்டியதில்லை, ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, லீக் பார்க்க நைட்ரஜன் அடிக்கிறார்களா என்பது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை வைத்து அடித்தால் ஈரம் உள்ளே போகும். ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது உருட்டிக்கொண்டு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், ஆக்சிஜனும் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். இரண்டு, குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும், நிறுத்தியபின் கேஜ் முள் அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள், அவசரப்பட மாட்டார்கள். மூன்று, கேஸ் டின் உங்கள் கண்முன் உடைக்கப்பட வேண்டும், அதில் ஆர்-134ஏ என்று இருக்க வேண்டும். விலை குறைவு என்று எரியும் கேஸைக் கலந்து விற்பதும் நடக்கிறது. டேஷ்போர்டுக்குள் காயில் லீக் ஆனால் அது உங்கள் மடியில்தான் கசியும்.

கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை எல்லாம் முடிந்து வேக்குவத்துக்குச் சற்று முன்னால் மாட்டச் சொல்லுங்கள். மூடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நாலு நாள் வேலை செய்தால், உள்ளே இருக்கும் மணிகள் பட்டறையின் ஈரத்தை எல்லாம் குடித்து வயிறு நிறைந்துவிடும். 35 டிகிரி வெயிலில் இன்ஜின் 1500-இல் ஓடும்போது கேஜில் தாழ் பக்கம் 25 முதல் 40, உயர் பக்கம் 200 முதல் 240 பிஎஸ்ஐ நின்றால் கேஸ் சரி. உயர் பக்கம் 300-ஐத் தாண்டிப் போனால் கேஸ் அதிகம், இல்லையென்றால் கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் இல்லாமல் முடித்துக் கொடுத்தால் வண்டியை வாங்காதீர்கள்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய கம்ப்ரசர் மலிவாகக் கிடைக்கும். ஆர்-12 என்ற பழைய ஏசி கேஸ் காலத்துச் சரக்கும் அதில் கலந்திருக்கும். அது ஓசோன் படலத்தைக் காக்கப் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்தோடு போன கேஸ், அதில் ஓடியது மினரல் எண்ணெய். 134ஏ-வுக்கு பிஏஜி எண்ணெயும் அதற்கான ஓரிங்கும் (இணைப்புகளில் போடும் ரப்பர் வளையம்) வேண்டும். கழுவி மாற்றலாம்தான். பிராக்கெட், ஹோஸ் எல்லாம் புதிதாகச் செய்துவிட்டுக் கம்ப்ரசரில் மட்டும் சூதாட எனக்கு மனம் வராது.

மின்சாரக் கணக்கு சின்னது. ஹெட்லைட் 10 ஆம்பியர், வைப்பர் 5, ப்ளோயர் 12, கண்டன்சர் விசிறி 10, கம்ப்ரசர் கிளட்ச் 4. மழை இரவில் மலையில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், 40 ஆம்பியரைத் தாண்டும். பழைய 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்யும். 65 ஆம்பியர் போட்டால் நிம்மதி. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் ஆல்டர்னேட்டர் முதுகில் வேக்குவம் பம்ப் இருந்தால் புதியதிலும் இருந்தே ஆக வேண்டும், பிரேக் பூஸ்டர் அதை நம்பித்தான் இருக்கிறது. ப்ளோயருக்கும் விசிறிக்கும் பேட்டரியிலிருந்து நேராக, தனித்தனி ஃபியூஸும் ரிலேயும். 30 வருடப் பழைய சாவி சுவிட்ச் வழியாக 12 ஆம்பியரை ஓட்டினால் டேஷ்போர்டுக்குள் புகை வரும்.

அடைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். கியர் ராடுகளுக்கு அடியில் ரப்பர் உறை கிழிந்திருக்கும், பெடல் துவாரங்கள் திறந்திருக்கும், தகரக் கதவுக்கும் தூணுக்கும் நடுவே விரல் போகும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. இரவில் வண்டிக்குள் ஒருவரை டார்ச்சோடு உட்கார வைத்து வெளியே நின்று பாருங்கள், வெளிச்சம் வருகிற இடமெல்லாம் குளிர் போகிற இடம். தகரக் கூரையின் அடியிலும், இன்ஜின் பக்கத்துத் தகட்டிலும், காலடியிலும் மூடிய துளைகள் கொண்ட ஃபோம் ஒட்டுங்கள். சாதா ஸ்பாஞ்சு ஒட்டினால் தண்ணீரைக் குடித்துத் தகட்டை அரித்துவிடும்.

ஓட்டும்போது ஒரு விஷயம். சென்னைப் பக்கமோ கடற்கரை ஊருக்கோ போனால் கண்ணாடி வெளிப்பக்கம் மங்கும். அங்கே வெளிக்காற்று 30 டிகிரி, 80 சதவீத ஈரம். கண்ணாடி 26 டிகிரிக்குக் கீழே போனாலே வெளியே நீர் கட்டும். அப்போது கண்ணாடிக்குக் குளிர்க்காற்றை விடாதீர்கள், வைப்பரை ஒரு தட்டு தட்டி, பிளவை மூடிவிடுங்கள். விரலால் உள்ளே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே, விழாவிட்டால் வெளியே. வால்பாறை மழையில் நேர்மாறு: ஏசியும் ஹீட்டரும் இரண்டும் ஓட, காற்று முழுவதும் கண்ணாடிக்கு, பின் ஜன்னல் ஒரு விரல் திறந்து. ஊட்டிப் பக்கம் ஜனவரி விடியலில் உறைபனி விழும்போது மட்டும் ஏசி தானாகவே பிடிக்காது, அங்கே ஹீட்டர் ஒன்றே போதும்.

வேலை முடிந்து முதல் 500 கிலோமீட்டரில் பிராக்கெட் போல்ட் எல்லாவற்றையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், பெல்ட்டும் அதற்குள் தளர்ந்திருக்கும். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஏசியைக் கூடுதல் பொருத்தமாக எழுதிவிடுங்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒரு வெயில் நாளில் இப்படியே ஆழியாறிலிருந்து மேலே ஏறி, டெம்பரேச்சர் முள் எந்த வளைவில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பானெட்டைத் திறந்து கிராங்க் புல்லியில் எத்தனை பள்ளம் என்று எண்ணுங்கள், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றையும் எழுதினால் பிராக்கெட் எந்தப் பக்கம் வரும் என்று அளவோடு சொல்கிறேன்.